வில்லங்கச் சான்று

மார்த்தாண்டம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
பத்தொன்பது வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
எந்தப் புரையிடமானாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்:
வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?

அப்பாவுடையதை நான் போட்டுப் பார்க்கவில்லை.

கருங்கல் சாலையில் டயர் றீட்றெடிங் கடை,
முன்னால் ஒரு அயனி மரம்.
வெந்த றப்பர் நெடி அவர் சட்டையிலிருந்து
எங்கள் சட்டைக்கு ஏறி
ஞாயிறு ஆராதனைக்கும் கூடவே வரும்.
நெடி போக ஒரு பீடி.
அந்தப் பீடி போக இன்னொன்று.

சிவப்பாய்ப் போனதை நாலு மாசம் சொல்லவில்லை.
சூடு என்று நினைத்து அக்கானி குடித்தார்.
அம்மா பார்க்கும்முன்
வாளி வாளியாய் ஊற்றிக் கழுவினார்.
வலிக்கவில்லை.
வலித்திருந்தால் சொல்லியிருப்பார்.

புகை நெஞ்சோடு நிற்கும் என்றுதான் நானும் இருந்தேன்.
அது இரத்தத்தில் இறங்கி, சிறுநீரகத்தில் வடிந்து,
மூத்திரப்பையில் ராத்தங்கும் என்று
திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர்
ரசீதின் பின்பக்கம் வரைந்து காட்டினார்.
அங்கேதான், ஆராய்ச்சிக்கென்று
அப்பாவிடம் ஒரு குழாய் இரத்தம்.
பிற்பாடு என்னிடமும் தம்பி றெஜினிடமும்.

நஞ்சைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்புகிற
ஒரு ஜீன். அப்பாவுக்கு அது இல்லை.
கெட்டுப்போன ஜீனா, என்றேன்.
கெடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை,
அந்த இடமே காலி, என்றார்.

எங்கள் தொழிலில்
இல்லாத நிலத்தை எழுதிக்கொடுத்தால் ஜெயில்.
அப்பாவுக்கு இரண்டு பேர் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்,
பெற்றவள் ஒரு காலியிடம், பெற்றவர் ஒரு காலியிடம்,
முத்திரையில்லை, சாட்சியில்லை.

அம்மாவிடம் ஒன்று இருந்தது, ஒன்று இல்லை.
இருந்ததை எனக்குத் தந்தாள்,
இல்லாததை அவனுக்கு.
ஓரவஞ்சனை என்றால் என்னவென்றே தெரியாதவள்.

கடை அவன் வீதத்துக்குப் போயிருந்தது.
விடுதலைப் பத்திரம் நானேதான் எழுதினேன்:
'காலஞ்சென்ற ஞானாபரணம் மகள் பியூலா ஆகிய எனக்கு
இனி யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை.'
அயனி மரம், அச்சு, கொதிகலன்,
எழுதாமல் விட்ட நெடி.

ஊரில் எத்தனையோ பேருக்கு இது கிடையாது,
எனக்கே இல்லாமலிருக்கலாம், என்றார் டாக்டர்.
தீர்ப்பு இல்லை இது.
தராசில் ஒரு தட்டு கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது.
பீடிதான் அதில் பெரிய படிக்கல்.
அதை எடுத்துவிடலாம், பாருங்கள்.

றெஜின் பேருந்தில் பேசவேயில்லை.
களியக்காவிளை தாண்டியதும் கேட்டான்:
'எக்கா, சர்வே நம்பர் தப்பிப்போனா
பிழைத்திருத்தல்னு ஒண்ணு எழுதுவியே.
எனக்க வீதத்துக்கு ஒண்ணு...'

குழித்துறைப் பாலம்வரை எனக்கு வாய் திறக்கவில்லை.
ஆற்றைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.
அவன் சட்டைப்பையில் பீடிக்கட்டு.
ஜன்னல் வழியே எறிவான் என்று நினைத்தேன்.
எறியவில்லை.

மூன்று வருஷம் ஆகிறது.
கடையில் புகை இழுக்கும் ஃபேன் வைத்திருக்கிறான்.
பீடியை
ஒருநாள் விட்டு ஒருநாள் விட்டுவிடுகிறான்.
ஆறு மாசத்துக்கு ஒருமுறை
லேபுக்குப் போகும் வழியில் என் மேசைக்கு வருவான்,
பத்திரிகைத்தாள் சுற்றிய குப்பியோடு.
ஆளில்லாத நேரம் பார்த்து
ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடிப்போம்,
முத்திரைத்தாளில் நீர்க்குறி தேடுவதுபோல.

மஞ்சள்.
வெறும் மஞ்சள்.

லேப்காரன் சொல்லட்டும், என்பான்.
சொல்லட்டும், என்று
மூடியை இன்னொரு சுற்று இறுக்கிக் கொடுப்பேன்.